புகை குடித்த விதை

தபாலில் வந்தது ஏழே ஏழு விதை.
மேற்கு ஆஸ்திரேலிய மணற்காட்டுச் செடி,
வானவில் செடி என்று பேர்.
இலை முழுக்கப் பசைத்துளி, பூச்சிக்குக் கள்.
உறையின் பின்புறம் யாரோ பென்சிலில்:
‘காடு எரியாமல் எழாது.’

நான் இருப்பதோ பிர்னோவில்,
லீஷென் குடியிருப்பில் ஆறாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் ஒன்பது.
எரிக்கக் காட்டுக்கு எங்கே போவேன்?

பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
நான் ஆள்வது எட்டுத் தயிர்க் கிண்ணம்,
அடியில் ஆணி குத்திய ஓட்டை,
கரிமண் பாதி, மணல் பாதி,
பால்கனிப் பனியை உருக்கி வார்த்த தண்ணீர்.
குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு
இவற்றுக்கு ஆகாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
ஷிமோன் கசகசா அரைத்தான்.
அரைத்தவன் பொறுப்பாக
மேஜையையும் துடைத்தான்.
“அம்மா, சிந்தினதை எல்லாம் கூட்டிவிட்டேன்.”
ஏழில் இரண்டு அதோடு போயிற்று.
கைவிளக்கோடு சமையலறைத் தரையில்
நடுநிசிவரை தவழ்ந்தேன்.
கிடைத்தவை பதினொன்று,
எல்லாமே கறுப்பு, எல்லாமே உருண்டை.
சந்தேகத்தின் பலனை அளித்து
அத்தனையையும் ஒரு கிண்ணத்தில் ஊன்றினேன்.

மிச்சம் ஐந்துக்குத் தீ வேண்டும்.
பால்கனியில், வாணலியில், வைக்கோல் கொளுத்தினேன்.
கீழ்வீட்டு க்வாபிலோவா அம்மாள்
ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.
தலைக்கவசத்தோடு வந்து நின்ற இளைஞனிடம்
விதைகளைக் காட்டினேன்.
அவன் விதைகளைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
வாணலியை எடுத்துப் போய்விட்டான்.

மூன்றாம் மாடி வ்ராத்திஸ்லவ்
தேனீ வளர்க்கிறவர்.
கூட்டுக்குப் புகை போடும் தகரக் குவளையை
துருத்தியோடு கொண்டுவந்து கொடுத்தார்.
கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.
“இது என் தேனீயைத் தின்னுமா?”
“முளைக்கட்டும், கேட்டுச் சொல்கிறேன்.”

துருத்தி, குழாய், ஜாம் ஜாடி.
தண்ணீருக்குள் புகை
குளக்குளக் என்று இறங்கியது.
இளந்தேநீர் நிறம் வந்ததும் நிறுத்தினேன்.
ஒரு பகல், ஒரு இரவு ஊறல்.
மறுநாள் எட்டாம் எண் டிராமில்
டிக்கெட் பரிசோதகர் என் அறைக்கதவில் மூக்கை நீட்டி
“காலையிலேயே பன்றித் தொடையா?” என்றார்.
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை,
சிக்னல் விழுந்துவிட்டது.

பிறகு ஒன்றுமில்லை.
ஜனவரி முழுக்க ஒன்றுமில்லை.
ஒரு விதையைப் பூஞ்சை
வெள்ளைக் கம்பளி போர்த்தி எடுத்துப்போனது.

பிப்ரவரி நான்காம் தேதி
சந்தேகக் கிண்ணத்தில் ஒரு பச்சை!
அன்றைக்கு டிராம் மணியை
ஆள் இல்லாத நிறுத்தத்திலும் அடித்தேன்.
பத்து நாளில் இலை விரிந்தது.
கசகசா.
பிடுங்க மனம் வரவில்லை,
அதுவும் தெரிந்தா செய்தது.

எழுபத்தெட்டாம் நாள், விடியாத மூன்றரை மணி.
சீருடைப் பொத்தானைப் போட்டபடி பார்க்கிறேன்:
வேறொரு கிண்ணத்தில்
வெள்ளையாக ஒரு கொக்கி,
தலையில் இன்னும் விதைத்தோல்,
கழற்ற மறந்த தொப்பிபோல.

இடுக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.
போன வருஷம் இப்படித்தான் ஒன்றுக்கு
நான் உதவினேன்.
தோலோடு கழுத்தும் வந்தது.

இரண்டு கையையும்
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.
முதல் டிராம் நாலேகாலுக்கு.

மிச்சம் மூன்றும் மண்ணுக்குள்தான்.
காடு எரிந்தது என்று
இன்னும் நம்பவில்லை அவை.
செருப்பு அலமாரியில்
வ்ராத்திஸ்லவின் புகைக்குவளை.
வசந்தம் வருகிறது, அவருக்கு வேண்டும்.
படியில் பார்க்கும்போதெல்லாம்
‘முளைத்ததா’ என்று கேட்கிறார்.
இன்றைக்குக் கேட்டால்
என்ன சொல்வதென்று தெரியவில்லை.